கம்பியும் கம்பிப்போலியும்

ஜவ்வாது மலை என்ற மாத்திரத்தே நம்மவர் நினைவுக்கு வருவன சந்தன மரமும், சாமையும், தேனும், பீமன் அருவியுமே. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மாவட்டங்களில் பரந்து கிடக்கும் இம்மலைத்தொடரில், ஜமுனாமரத்தூரைச் சூழ மலையாளி மக்கள் வாழும் சிற்றூர்கள் பல; ஆலங்காயத்துக்கு அப்பால் காவலூரில் வானாராய்ச்சி நிலையம் ஒன்று. சிற்றூர்க்கு வேண்டுவது, நள்ளிரவில் 108 வண்டியை அழைக்க ஒரு குரல். வான்நிலையத்துக்கு வேண்டுவது, பிழையற்ற காலம். குரலும் காலமும் ஆகிய இவ்விரண்டையும் பழைய தொலைபேசிக் கம்பி ஒருங்கே சுமந்து வந்தது. அக்கம்பி நாளடைவில் மறைந்து, இணையத்தின் பொதிவலை அதன் இடத்தைக் கைக்கொண்டு வருகின்றது. வரும்போது அது கொண்டு வருவன யாவை, விட்டு வருவன யாவை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் கருத்து. பொறியியல் எம் துறையன்று. யாம் பயில்வது தமிழ். எனினும் இப்பொருளை அறியப் புகுந்த காலை நன்னூலே எமக்குப் பலவிடத்துக் கைவிளக்காயிற்று என்பதனை அன்பர் போகப் போகக் காண்பர்.

முதற்கண் பழைய முறையைக் காண்போம். தொலைபேசியிற் பேசுங்கால் நம் குரல் அலையாகவே நெடுவழி செல்கின்றது எனப் பலர் எண்ணுவர். வீட்டுக்கும் நிலையத்துக்கும் இடைப்பட்ட செப்புக்கம்பியில் அஃது உண்மையே. நிலையத்தை அடைந்தபின்னரோ, அவ்வலை நொடிக்கு 8,000 முறை அளக்கப்பெற்று, ஒவ்வோர் அளவும் எட்டுக் குறிகளால் எழுதப்பெறுகின்றது. ஒவ்வொரு குறியையும் பிட் என்பர் (மதுரையில் மண் சுமந்ததற்குக் கூலியாய்ப் பெற்ற பிட்டன்று). ஆகவே ஒரு குரலுக்கு நொடிக்கு 64,000 பிட். அலெக் ரீவ்ஸ் என்னும் ஆங்கிலேயர் பாரிசு நகரிற் பணியாற்றிய 1937ஆம் ஆண்டில் இம்முறையைக் கண்டார். அதற்கேற்ற கருவிகள் அந்நாளில் எளிதிற் கிட்டாமையின், பொதுமக்கள் தொலைபேசியில் அது புகுந்தது 1962இல், அமெரிக்க நாட்டிலேதான்.

இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் இத்தகைய 32 ஓடைகளை ஒரு தொகுதியாக்கி அதற்கு ஈ1 எனப் பெயரிட்டனர். ஒரு நொடியை 8,000 கூறாக்கினால் ஒரு கூறு 125 மைக்ரோநொடி. அச்சிறு பொழுதுக்குள் 32 அறைகள். அறைக்கு 8 பிட். ஆக 256 பிட். முதல் அறை எல்லை காட்டுவதற்கு. நடுவில் உள்ளதோர் அறை மணியடித்தல், எண்ணறிவித்தல் முதலிய குறிப்புகளுக்கு. எஞ்சிய 30 அறைகளும் குரலுக்கு. நொடிக்கு 8,000 முறை இவ்வரிசை திரும்பத் திரும்ப ஓடும். எனவே மொத்தம் 20,48,000 பிட்.

இவ்வறைகளில் ஒன்றிலேனும் 'இஃது இன்னாருடையது' என்ற எழுத்து இராது என்பதே ஈண்டுக் கவனிக்கத்தக்கது. ஐந்தாம் அறையில் வந்தது ஐந்தாமவர்க்கு, ஆறாம் அறையில் வந்தது ஆறாமவர்க்கு, அவ்வளவே. இது நம் நிரனிறைப் பொருள்கோள் அன்றோ! பெயர்களை ஒரு வரிசையிலும் அவற்றின் பயனிலைகளை மற்றொரு வரிசையிலும் நிறுத்தினால், எதற்கு எது உரியது என்பதை வரிசையே காட்டும். உருபு காட்ட வேண்டுவதில்லை. வரிசை ஓரிடம் பிசகினால் மட்டும் பொருள் முழுதும் பாழாம். கண்ணும் சொல்லும் மீனும் தேனும் என்று முறையே நின்ற செய்யுளில் ஒரு சொல் நழுவினால், கண் தேனாகி இனிக்கும். சொல் மீனாகி நாறும்.

வங்கியோ, மின்வாரியமோ, இரயில்வேயோ இவ்வறைகளுள் ஒன்றையோ பலவற்றையோ வாடகைக்குப் பெற்று, இரவும் பகலும் தனக்கே உரித்தாக்கிக் கொள்வதுண்டு. அலுவலகத்தார் அதனை லீஸ்டு லைன் என்பர். குத்தகைக் கம்பி என்பது அதன் பொருள். பேசினும் பேசாவிடினும் அறை அவருடையதே. இட்டது இட்டபடி, இட்ட நேரத்திலிருந்து என்றும் மாறாத இடைவெளியில் மறுமுனையில் வெளிப்படும். இந்த மாறாமைக்கே வாடகை.

இனிப் பொதியைக் காண்போம். 1960களில் அமெரிக்காவிற் பால் பாரனும் இங்கிலாந்தில் டொனால்டு டேவிசும் ஒருவரை ஒருவர் அறியாது ஒரே கருத்தைக் கண்டனர். செய்தியைச் சிறு துண்டுகளாக்குக. ஒவ்வொரு துண்டின் தலையிலும் சேருமிடத்தை எழுதுக. வழியிலுள்ள கருவிகள் அவ்வெழுத்தைப் படித்து, அவ்வப்போது ஒழிந்திருக்கும் பாதையில் அதனைத் தள்ளிவிடுக. இதற்குப் பாக்கெட்டு என்று பெயரிட்டவர் டேவிசே. யாம் பொதி என்கிறோம். இம்முறையில் இடம் பொருளைக் காட்டுவதன்று. துண்டின்மேல் ஒட்டிய முகவரியே காட்டும். வேற்றுமையுருபு செய்யும் தொழிலும் இதுவே. 'வேடன் மானைக் கண்டான்' என்பதை 'மானை வேடன் கண்டான்' என்றும், 'கண்டான் மானை வேடன்' என்றும் எங்ஙனம் புரட்டினும், ஐ என்னும் உருபு மானை விட்டு நீங்காதவரை கண்டவன் வேடனே. உருபு இருப்பதால் நெறி கட்டுப்பாடின்றி அமைகின்றது. ஒருவர் பேசாத நேரத்தில் அவர்க்குரிய இடம் வீணாவதில்லை; ஒரு பாதை அறுந்தால் பொதி வேறு பாதையிற் செல்லும்.

ஆயினும் இவ்வுரிமைக்கு விலையுண்டு. ஒரு பொதி முந்தும், ஒன்று பிந்தும், ஒன்று வாராமலே ஒழியும். கடிதத்துக்கும் படத்துக்கும் இதனாற் கேடில்லை. வாராததை மீட்டும் அனுப்பச் சொல்லிப் பெறலாம். குரலுக்கு அது கூடாது. பேச்சின் நடுவே ஓர் அசை அரைநொடி பிந்தி வருமாயின், அது வந்ததும் வாராததும் ஒன்றே. ஒருமுனையில் பேசியது மறுமுனையில் 150 மில்லிநொடிக்குள் கேட்குமாயின் உரையாடல் இயல்பாக நிகழும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தார் வகுத்த அளவு. நிலநடுக்கோட்டுக்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழியாகப் பேசினால், ஏறி இறங்குவதற்கே கால் நொடி கழியும். காவலூர் நிலையத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தார், இலடாக்கிலுள்ள ஆன்லேயின் 2 மீட்டர் தொலைநோக்கியைப் பெங்களூருக்கு அடுத்த ஓசக்கோட்டையில் இருந்துகொண்டே இயக்குவதற்கு 2001 முதற் செயற்கைக்கோள் தொடர்பைக் கையாண்டனர். கருவிக்கு ஆணையிடுவதற்கும் விண்மீன் படத்தைப் பெறுவதற்கும் கால் நொடி ஒரு பொருட்டன்று. தாயும் மகனும் பேசுவதற்கு அது பெருந்தடை. இருவரும் ஒருங்கே தொடங்கி ஒருங்கே நிறுத்துவர்.

குரலைப் பொதியாக்கும் கணக்கும் அறியத்தக்கது. இருபது மில்லிநொடிப் பேச்சை ஒரு பொதியில் இட்டால் உள்ளீடு 160 பைட்டு (எட்டுப் பிட் கொண்டது ஒரு பைட்டு). அதன் தலையில் எழுதும் முகவரி முதலியன 40 பைட்டு. நொடிக்கு 50 பொதி. ஆகவே 64,000 பிட் கொண்ட குரல் 80,000 பிட்டாகப் பருக்கின்றது. குரலைச் சுருக்கும் முறைகளுள் ஒன்று அதே இருபது மில்லிநொடியை 20 பைட்டில் அடக்கிவிடும். தலையோ அப்போதும் 40 பைட்டே. உடலினும் தலை இருமடங்கு பெருத்த அவ்வுருவம் ஊர்த்திருவிழாப் பொம்மைகளை நினைவூட்டுகின்றது.

குரலுக்கு இஃது அமையும். குத்தகைக் கம்பியை நம்பியிருக்கும் பழங்கருவிகளை என் செய்வது? அவை பொதி அறியா. ஈ1 ஒன்றையே அறியும். அவற்றையெல்லாம் எறிந்துவிட்டுப் புதியன வாங்குவதோ பெருஞ்செலவு. இவ்விடத்தேதான் சூடோவயர் என்னும் உபாயம் பிறந்தது. இருமுனையிலும் ஒவ்வொரு கருவியை வைத்து, ஒருமுனையில் ஈ1ஐ நறுக்கிப் பொதிகளில் இட்டு, மறுமுனையில் அவற்றைப் பிரித்துக் கோத்து மீண்டும் ஈ1ஆக விடுவது அது. நடுவே கம்பி இல்லை. முனைகளுக்கு அது தெரியாது. பொய்க்கம்பி என்று மொழிபெயர்ப்பார் உளர். எமக்கு அது பொருந்தவில்லை. 'நிலம்' என்பது 'நிலன்' என நின்றாற்போல, ஓர் எழுத்தின் இடத்தே வேறோர் எழுத்து நின்று பொருளை மாற்றாதிருப்பதனை நம் இலக்கணத்தார் போலி என்றனர். அப்போலியில் வஞ்சனை இல்லை. ஆதலின் இதனைக் கம்பிப்போலி எனலாம். பொருள் மாறாதவரையே அது போலி என்பதும் உடன் நினைக்கத்தக்கது.

இணையத்தின் நெறிமுறைகளை வகுக்கும் குழுவினர் 2006இல் வெளியிட்ட 4553ஆம் எண் ஆவணம், ஈ1இன் உள்ளே யாது உள்ளது என்று ஆராயாமலே அதனை 256 பைட்டுத் துண்டுகளாக்கிச் செலுத்தும் வழியைக் கூறுகின்றது. 256 பைட்டு என்பது எட்டு வரிசை. அதாவது ஒரு மில்லிநொடி. நொடிக்கு ஆயிரம் பொதி. முகவரி, வரிசையெண், காலக்குறிப்பு எல்லாம் கூட்ட ஒரு பொதி ஏறத்தாழ 318 பைட்டு ஆகும்; நொடிக்கு 25 இலட்சம் பிட்டுக்கு மேல். இருபது இலட்சத்தைச் சுமக்க இருபத்தைந்து இலட்சம். அடுத்த ஆண்டிலேயே வெளிவந்த மற்றொரு முறை, வாடகைக்குச் சென்ற அறைகளை மட்டும் பொறுக்கி அனுப்பும். முப்பதில் நான்கே பயன்படுமாயின் நான்கையே சுமக்கும். கண்ணாடியிழையில் இடம் மிகுதியாதலின் இச்செலவு பெரிதன்று. பெரிய இடர் வேறு.

அவ்விடர் காலம். ஜவ்வாது மலையில் மழை சீராகப் பெய்வதில்லை. ஒரு நாள் கொட்டும். பத்து நாள் காயும். அம்மலையிற் பிறக்கும் செய்யாறு பெருக்கெடுத்து வருங்கால் வரும், வாராதகால் வாராது. எனினும் அடிவாரத்து வயலுக்கு நீர் நாள்தோறும் ஒரே அளவில் வேண்டும். நடுவே ஏரி நிற்கின்றது. வரத்து எப்படியாயினும் மதகு ஒரே அளவில் விடுகின்றது. கம்பிப்போலியின் மறுமுனைக் கருவியும் அவ்வாறே முந்தியும் பிந்தியும் வரும் பொதிகளைச் சிறுபொழுது தேக்கி, பின்னர் ஒரே நடையில் விடுகின்றது. ஏரி பெரிதாயின் பொதி பிந்தினும் குறைவில்லை, ஆனால் தாமதம் மிகும். சிறிதாயின் தாமதம் குறையும், ஆனால் அடிக்கடி வற்றும்.

மதகை எவ்வளவு திறப்பது? இதுவே வினா. பழைய கம்பியில் பிட்டுகளின் நடையே காலத்தையும் உடன் கொணர்ந்தது. முன்முனையின் கடிகாரம் எவ்வாறு ஓடிற்றோ அவ்வாறே பின்முனையும் ஓடும். பொதிவலையிலோ அந்நடை அறுபட்டுப் போயிற்று. இரு முனைகளிலும் தனித்தனிக் கடிகாரம். ஒன்றுக்கொன்று பத்து இலட்சத்தில் ஒரு பங்கே வேறுபடுவதாகக் கொள்வோம். நம் கைக்கடிகாரங்களில் இத்துணை நுண்மையை எவரும் கேட்பதில்லை. ஆனால் ஈ1இல் அது நொடிக்கு இரண்டு பிட். 125 நொடியில் ஒரு முழு வரிசையாகிய 256 பிட். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஏரி ஒரு வரிசையளவு நிரம்பி வழியும், அன்றி வற்றும். பேச்சில் அது சிறு 'டிக்' ஒலி. தொலைநகலில் ஒரு கோடு கெடும். சிறிதும் பிசகாத வரிசையை எதிர்பார்க்கும் கருவியிலோ தொடர்பே அறும். தேசத்து முதன்மைக் கடிகாரங்கள் பதினாயிரங் கோடியில் ஒரு பங்குக்கு மேற் பிழையாமல் ஓடுமாறு வகுத்திருப்பதன் காரணம் இதுவே. அத்தகைய இரண்டு கடிகாரங்களுக்கு இடையே ஒரு வரிசை நழுவ ஏறத்தாழ 72 நாள் செல்லும். கண்ணிமைப்பும் கைந்நொடிப்புமே மாத்திரைக்கு அளவென்ற நம் பண்டை இலக்கணத்தார் இதைக் கேட்பின் வியப்பர்.

மருந்து மூன்றுண்டு. ஏரியின் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டே மதகைச் சரிசெய்வது முதலாவது. மட்டம் உயர்ந்துகொண்டே போனால் நம் கடிகாரம் மெதுவென்று பொருள். தாழ்ந்தால் விரைவென்று பொருள். செலவற்ற வழி; ஆனால் வலையில் நெரிசல் மிகுந்த வேளையில் மட்டம் பொய் சொல்லும். இரண்டாவது, காலத்தையே சொல்லும் தனிப் பொதிகளை அனுப்புவது. 2002இல் வகுத்து 2008இற் செப்பஞ்செய்த ஐஇஇஇ 1588 என்னும் முறை இது. மூன்றாவது, ஈதர்நெட்டுக் கம்பியின் மின்துடிப்பிலேயே காலத்தை ஏற்றுவது. பொதிநெரிசல் இதனைத் தீண்டாது. வழியிலுள்ள எல்லாக் கருவிகளும் இதற்கு இசைந்தனவாயின் இம்மூன்றாவதே சிறந்தது என்பது எம் எண்ணம். மலையுச்சியில் வானம் திறந்திருத்தலின், ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களிடமிருந்தே காலம் பெறுவாரும் உளர்.

இக்கால நுண்மை யாருக்கு வேண்டும் என்று வினவுவார்க்கு விடை, மலைவழியிற் கைப்பேசியில் பேசிச் செல்பவர்க்கு என்பதே. இரண்டாந் தலைமுறைக் கைப்பேசிக் கோபுரங்கள் ஈ1 கொண்டு இணைக்கப்பெற்றவை. தம் வானொலி அலைவெண்ணைச் சீர்செய்யும் காலத்தையும் அவை அந்த ஈ1இலிருந்தே பெற்றன. அலைவெண் இரண்டு கோடியில் ஒரு பங்குக்கு மேற் பிழையலாகாது. 900 மெகாஹெர்ட்சில் அது 45 ஹெர்ட்சே. பின்னர்க் கோபுரங்களுக்குப் பொதிவழி வந்தபோது, பழைய ஈ1 கம்பிப்போலியில் ஏற்றப்பட்டது. காலம் பிசகிய கோபுரத்தின்கீழ் நின்று பேசுபவர்க்கு முதலில் ஒன்றும் தெரியாது. வளைவில் திரும்பி, ஒரு கோபுரத்தின் எல்லையிலிருந்து அடுத்ததன் எல்லைக்குட் புகும்போதுதான் பேச்சு அறும். நோயாளியை ஏற்றிக்கொண்டு மலையிறங்கும் வண்டியிலிருந்து மருத்துவமனையுடன் பேசுவார்க்கு அவ்வளைவே கண்டம்.

மின்வாரியத்தாரின் தேவை இதனினும் கடிது. உயரழுத்தக் கம்பியின் இருமுனையிலும் உள்ள காப்புக்கருவிகள், இங்கே புகுந்த மின்னோட்டமும் அங்கே வெளியேறிய மின்னோட்டமும் ஒன்றா என்று இடையறாது ஒப்பிடும். போகும் தாமதமும் வரும் தாமதமும் சமம் என்ற துணிபின்மேலே பல கருவிகள் இவ்வொப்பீட்டைச் செய்கின்றன. பொதி போகையில் ஒரு வழியும் வருகையில் வேறு வழியுமாகச் சென்றால், இல்லாத பழுதை உள்ளதாகக் கருதி நல்ல கம்பியைத் துண்டித்துவிடும். ஆதலின் ஆங்கெல்லாம் இருவழியையும் ஒன்றாகவே கட்டி வைத்தல் வேண்டும். பொதிக்கு இயல்பான உரிமையை வேண்டுமென்றே பறித்தல் இது.

காலத்தின் மதிப்பைக் காவலூர் நன்கு அறியும். வைணு பாப்பு தேர்ந்த அவ்விடத்தில் 1968இல் 38 சென்டிமீட்டர்த் தொலைநோக்கியும், 1972இல் 102 சென்டிமீட்டர்த் தொலைநோக்கியும் அமைந்தன. அவர் பெயர் தாங்கிய 2.3 மீட்டர்த் தொலைநோக்கி 1986இல் வந்தது. 1977 மார்ச்சு 10ஆம் நாள் யுரேனசு என்னும் கோள் ஒரு விண்மீனை மறைக்க இருந்தது. 102 சென்டிமீட்டர்க் கருவியில் நோக்கியிருந்த பட்டாச்சாரியாவும் குப்புசாமியும், கோள் அணுகுமுன்னரே விண்மீன் சிறுபொழுது மங்கக் கண்டு, அது புதியதொரு துணைக்கோளின் மறைப்பாகலாம் என எழுதினர். அதே இரவில் விமானத்திலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் கண்டார் குறித்த மங்கல்களுடன் நேரத்துக்கு நேர் ஒத்துப் பார்த்தபோதே, அவை யுரேனசைச் சுற்றிய வளையங்கள் என்று துணியப்பட்டது. ஓரிடத்துக் கடிகாரம் பிறிதோரிடத்துக் கடிகாரத்துடன் ஒவ்வாதிருப்பின் அவ்வளையங்கள் வளையங்களாகா.

காலத்தைப் போலவே கம்பி ஓசையின்றிக் கொணர்ந்த மற்றொன்று மின்சாரம். தொலைபேசி நிலையத்தில் 48 வோல்ட்டு மின்கலத் தொகுதி ஒன்று எப்போதும் ஏறியிருக்கும். அதன் மின்சாரமே செப்புக்கம்பி வழியாக வீட்டுத் தொலைபேசியை இயக்கிற்று. புயலிலும் மழையிலும் ஊர் முழுதும் விளக்கணைந்த வேளையில் அக்கருவி பேசிற்று. கண்ணாடியிழை ஒளியைச் சுமக்குமேயன்றி மின்சாரத்தைச் சுமவாது. வீட்டில் வைத்த சிறுபெட்டிக்கு அவ்வீட்டு மின்சாரமே வேண்டும். அது போயின் குரலும் போயிற்று. இங்கிலாந்தில் பழைய கம்பிகளை 2025 இறுதியில் நிறுத்துவதாக இருந்தனர். தனித்து வாழும் முதியோர் ஆபத்தில் அழுத்தும் அழைப்புக் கருவிகள் சில மாற்றத்தின்பின் வேலை செய்யாது போகவே, 2024 மே மாதத்தில் அந்நாளை 2027 ஜனவரி இறுதிக்குத் தள்ளினர். ஜப்பானியர் வேறு வழி கொண்டனர்: 2024இலும் 2025 தொடக்கத்திலும் நிலையங்களுக்கு இடைப்பட்ட பகுதியை மட்டும் பொதிவலையாக்கி, வீட்டுச் செப்புக்கம்பியை அவ்வாறே விட்டனர். வீட்டிலிருப்பவர்க்கு ஒன்றும் மாறவில்லை.

நம் நாட்டிலும் இவ்வழி அறியப்படாததன்று. 1984இல் தோன்றிய சி-டாட் நிறுவனத்தார், குளிர்சாதனமின்றி வெயிலிலும் தூசியிலும் நிற்கத்தக்க 128 இணைப்புச் சிற்றூர் நிலையத்தை ஆக்கி, 1986இல் கருநாடகத்துக் கிட்டூரில் முதன்முதல் நிறுவினர். அவர்களே பிற்காலத்தில், தம் பழைய நிலையங்களின் இணைப்பட்டைகளை விலக்காது உள்ளமைப்பை மட்டும் பொதிமுறைக்கு மாற்றும் கருவியையும் தந்தனர். மின்கலமும் செப்பும் இருந்தவாறே இருக்க, குரல் மட்டும் பொதியாகும். எமக்கு இம்மாற்றமே உவப்பு. ஆயினும் செப்புக்கம்பி ஒருபோதும் எட்டாத மலையூர்கள் பல. அவற்றுக்கு முதலிலேயே வருவது கோபுரமோ கண்ணாடியிழையோதான். 2011இல் வகுத்துப் பின்னர் பாரத்நெட் எனப் பெயர் பெற்ற திட்டம் ஊராட்சிதோறும் இழை கொண்டு செல்வது. தமிழ்நாட்டில் அதன் கணக்கு 12,525 ஊராட்சிகள். இழை வந்து சேரும் நாளில் ஊரார் கேட்க வேண்டுவன இரண்டு வினாக்கள்: மின்சாரம் நின்றபின் பெட்டியும் கோபுரமும் எத்தனை மணி நேரம் தாங்கும் மின்கலம் உளது? மலைப்பாதை தோண்டும்போது இழை அறுந்தால் பொதி செல்ல இரண்டாவது வழி எது? வேகம் எவ்வளவு என்பதனை அவற்றின் பின்னர்க் கேட்கலாம்.